இறங்கி நடக்கும் இடம்

எங்கள் மலைக்கு வரும் ஒரே பேருந்துக்கு ஐந்துக்கு ஐந்து மார்க் வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். பரீட்சையில் பிட் அடித்துத் தேறியவனைப் போலக் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம். இன்றைக்கு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

அப்போது நான் அந்தப் பேருந்தின் ஓட்டுநர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஒற்றை அறை, தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் நாம் பேசுவது நமக்கே கேட்காது. கீழே நகரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை எனக்கு. மலையில் இருந்தவர்களுக்குக் கல் உடைப்பதுதான் பிழைப்பு. வெயில் நாளில் ஜல்லித் தூசி எல்லார் தலையிலும் நரை போலப் படிந்திருக்கும். மழை நாளில் அதுவே சேறாகிச் செருப்பைப் பிடுங்கும். சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கீழேதான். போவதற்கு அந்த ஒரு பேருந்துதான்.

ஓட்டுநர் அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் 'நிதானம்'. கோழிக்குஞ்சு குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு அது போகட்டும் என்று காத்திருப்பார். அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலோர இருக்கை அவர் மனைவிக்கு; எனக்கு அவள் அக்கா. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒன்று விட்டு ஒரு நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு மாலை டிரிப்பில் திரும்புவாள். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். சின்ன டம்ளர் ஒன்று வைத்திருப்பாள். நா வறண்டால் அதைத் தொடாமல் ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொள்வாள். ஊசி குத்துவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே புர்ரென்று ஓயாமல் அதிரும். "வீட்டுல ரெண்டு மோட்டார் ஓடுது தம்பி. ஒண்ணு அவரு ஓட்டுறாரு, இன்னொண்ணு தானா ஓடுது" என்பாள்.

இனி அந்த இறக்கத்தைச் சொல்ல வேண்டும்.

மலையிலிருந்து சாலை இறங்கத் தொடங்கும் இடத்தில் வெள்ளையடித்த கல் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் அண்ணன் வண்டியை நிறுத்தி, வைப்பரை ஒரு தடவை ஓட விடுவார். கொளுத்தும் வெயிலிலும் அது ஒரு தடவை ஆடும். உடனே எல்லாரும் வாய் பேசாமல் இறங்கிவிடுவோம். சாலை வளைந்து வளைந்து போகும். பாறையில் வெட்டிய படிகள் நேராகக் கீழே போகும். நாங்கள் படியில் கதை பேசிக்கொண்டு இறங்குவோம். நோயாளிகளையும் நடக்க முடியாதவர்களையும் வைத்துக்கொண்டு வண்டி சாலை வழியாக ஊர்ந்து வரும். கீழே சைக்கிள் கடை வாசலில் இருக்கும் நிறுத்தத்தில் திரும்ப ஏறிக்கொள்வோம்.

புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், காலுக்கு நல்லது என்போம். உண்மையான காரணம் பிரேக். ஆள் நிறைந்த வண்டியை அந்த இறக்கத்தில் அது பிடிக்காது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா என்று அண்ணன் கேட்டாராம். மறுநாளும் கேட்டார். அப்புறம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. டிப்போவில் எழுதிக் கொடுத்தால் எதையோ முறுக்கி, எண்ணெய் விட்டு அனுப்புவார்கள். ரொம்பப் பேசினால், மாற்று வண்டி கிடையாது, இதை ஷெட்டில் போட்டுவிடட்டுமா என்பார்கள். அதற்கு மேல் அண்ணனால் என்ன பேச முடியும்?

மழைக்காலத் தொடக்கத்தில் கண்டக்டர் ஒரு செய்தி கொண்டுவந்தான். மீதிச் சில்லறை தருவதே இல்லை என்பதால் அவனுக்குச் 'சில்லறை' என்றே பெயர். ஒவ்வொரு தடத்தையும் அளக்கப் போகிறார்களாம். எத்தனை பேர் ஏறுகிறார்கள், டீசலுக்கும் சம்பளத்துக்கும் என்ன ஆகிறது, நேரத்துக்கு வருகிறதா, பயணிகள் என்ன மார்க் போடுகிறார்கள் என்று ஒரு வாரம் வண்டியிலேயே ஆள் உட்கார்ந்து பார்க்குமாம். தேறாத தடத்தை நிறுத்திவிடுவார்களாம்.

அன்று மாலையே தையல்காரர் கடையில் கூட்டம் கூடியது. தெருவிளக்கு எரியாவிட்டாலும் கமிட்டி போடுகிறவர் அவர்; ஊரில் அவரைக் 'கமிட்டி' என்றே சொல்வார்கள். காலை டிரிப்பில் மட்டும் எப்போதும் கூட்டம் இருக்கும். மற்ற டிரிப்புகளில் காற்றுதான் ஏறி இறங்கும். அதனால் அந்த வாரம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா டிரிப்பிலும் எல்லாரும் ஏறுவது என்று முடிவானது. டிக்கெட்டுக்கு முடியாதவர்களுக்கு முடிந்தவர்கள் போடுவது. அதுவரை எல்லாம் சரி. அப்புறம்தான் கமிட்டி அந்த வார்த்தையைச் சொன்னார். அந்த வாரம் இறக்கத்தில் யாரும் இறங்கக்கூடாது. ஆளை இறக்கி நடக்க விடுகிற வண்டியை எவன் தேற விடுவான்?

அண்ணன் கடை வாசலில் நின்றிருந்தார். நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை.

"எல்லாரும் ஏறுங்க, வேண்டாங்கல. இறக்கத்துல மட்டும் இறங்கிருங்கப்பா" என்றார்.

"அண்ணே, இறங்கினா இது ஓட்டை வண்டின்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. வண்டி நின்னுபோச்சுன்னா எங்களுக்கு ஒண்ணுமில்ல, லாரியில தொத்திக்கிட்டுப் போயிருவோம். அண்ணியை லாரியில ஏத்துவீங்களா?"

அண்ணன் அப்போதுதான் குடையை மடக்கினார். கமிட்டி தந்திரமாகப் பேசவில்லை. மனசார அக்காவுக்காகத்தான் பேசினார். அதனால்தான் யாராலும் மறுக்க முடியவில்லை. நானும் தலையாட்டினேன்.

அளக்க வந்தது ஒரு சின்னப் பெண். மழைக்கோட்டு, கையில் டேப்லெட், நனையாமலிருக்க அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. முதல் நாளே எல்லாருக்கும் அவளைப் பிடித்துவிட்டது. இருக்கை எப்படி, கண்டக்டர் மரியாதையாகப் பேசுகிறாரா, கட்டணம் கட்டுபடியாகிறதா, பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போடச் சொன்னாள். முட்டைக்காரம்மா கூடையை மடியில் அணைத்தபடி, ஆறு போட முடியாதா என்று கேட்டாள். சில்லறை அந்த வாரம் முழுக்க மீதிச் சில்லறை கொடுத்தான். வாங்கினவர்களுக்கே நம்ப முடியவில்லை.

வெள்ளைக் கல் வந்தது. அண்ணனின் கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போவது தெரிந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் வைப்பர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அசையவில்லை. அண்ணன் கியரைக் குறைத்தார். வண்டி இறங்கியது.

அந்த ஓசையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இறக்கத்தில் வண்டிக்குள் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை. என்ஜின் அடித்தொண்டையில் கதறியது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கம் சாய, கம்பியைப் பிடித்தவர்கள் பிடித்தபடியே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அந்தப் பெண் பார்க்கிறாள் அல்லவா! கீழே வந்து நின்றபோது நிறுத்தத்தைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போயிருந்தது.

மறுநாள் சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கத் தண்ணீர் வைத்திருக்கும் தொட்டி வரைக்கும் போய் நின்றது. அதற்கு அடுத்த நாள் அவர் கடையின் மறுகோடி. அதற்கப்புறம் சாலை நேராக ஏரியின் கைப்பிடிச் சுவருக்குப் போய், சுவரை ஒட்டித் திரும்பி நகரத்துக்குப் போகும்.

"நிறுத்தத்தை எங்க மாத்தியிருக்கீங்கன்னு சொல்லிட்டா, கடையையும் அங்கேயே மாத்திக்குவேன்" என்றார் சைக்கிள் கடைக்காரர். வண்டியே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசி நாள் அந்தப் பெண் அக்காவிடம் வந்தாள். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். இருக்கைக்கு ஐந்து, நேரத்துக்கு ஐந்து என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். பாதுகாப்பு என்றதும் தலை தூக்கினாள். முன்னால் அண்ணனின் பின்கழுத்து. அதற்கு முன்னால் கண்ணாடியில் மழை.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா, அவசரமில்ல" என்றாள் அந்தப் பெண்.

அக்கா இடது கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"அதுக்கும் அஞ்சே போட்டுக்கம்மா."

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. சில்லறைதான் டிப்போவிலிருந்து கொண்டுவந்தான். எங்கள் தடம் தேறிவிட்டது. தேறியது மட்டுமில்லை, எல்லாத் தடங்களிலும் நாங்கள்தான் முதல். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு திருப்தி எங்கேயும் இல்லையாம். கமிட்டி கடையில் மிட்டாய் கொடுத்தார்கள். சில்லறை மிட்டாயை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மீதியையும் சொன்னான்.

வண்டியை நிறுத்துவதா வேண்டாமா என்பதற்கு ஏறுகிற ஆட்களின் எண்ணிக்கை மட்டும்தான் கணக்காம். மார்க் வாங்கியது வேறொன்றுக்கு. குறைந்த மார்க் வாங்கும் தடத்துக்குப் புது வண்டி என்று வைத்திருந்தார்களாம். ஒன்று வந்திருந்தது, எதிர்மலைக்குப் போய்விட்டது. அந்த ஊர்க்காரர்கள் உள்ளதை உள்ளபடி திட்டித் தீர்த்திருக்கிறார்கள். எங்களுக்குப் பழைய வண்டியே போதும், ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று எழுதியாகிவிட்டது. அந்த ஒரு வாரத்தில் வண்டி இறக்கத்தை எவ்வளவு நேரத்தில் கடந்ததோ அதையே இனி நேரமாக வைத்துவிட்டார்கள். நடுவில் நின்றால் காட்டிக்கொடுக்க வண்டியில் ஒரு பெட்டியும் பொருத்தப் போகிறார்களாம்.

தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம், அதுவும் ஆளுக்கு ஒரு கையாக. கமிட்டிதான் கடைசியில் வாயைத் திறந்தார். சரி, அந்த வாரம் ஒன்றும் ஆகவில்லையே, சும்மா பயந்துகொண்டுதானே இத்தனை வருஷம் நடந்தோம் என்றார். நாலு பேர் ஆமாம் என்றார்கள்.

அன்று மாலை நான் வாடகை கொடுக்கக் கீழே போயிருந்தேன். அக்கா அடுப்பில் தனக்கு உப்பில்லாமலும் அண்ணனுக்கு உப்புப் போட்டும் தனித்தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சாப்பிட உட்காராமல் வாசற்படியிலேயே இருந்தார். என்னைப் பார்த்தும் அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை.

"வண்டி ஆகாதுன்னு எழுதிக் குடுத்துருங்க" என்றாள் அக்கா.

"குடுத்தா நாளைக்கே இழுத்துட்டுப் போயிருவாங்க. வேற வராது. புது வண்டிதான் கைவிட்டுப் போச்சே."

"வராட்டி போகுது."

"அப்புறம் நீ?"

"அந்த வாரம் பூரா நான் எதைப் பாத்துக்கிட்டு வந்தேன் தெரியுமா? உங்க சட்டைக் காலரை. இறங்கி முடிக்கிறதுக்குள்ள நனைஞ்சு போயிரும். மழை உள்ள வரல."

அண்ணன் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"முன்னாடி நிறுத்தணும்னா பிரேக்கை மூணு தடவை மிதிக்கணும். இப்ப அஞ்சு தடவை" என்றார். "ஆனாலும் நிக்குது. நின்னுக்கிட்டுதான் இருக்கு. உனக்கு வேண்டியிருக்குற வரைக்கும் ஓட்டிருவேன்."

"எனக்கு எது வரைக்கும் வேண்டியிருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

அக்கா அவருடைய தட்டை எடுத்து வைத்தாள். நான் வாடகையை அலமாரியில் வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது; கீழே அப்புறம் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

புதிய நேரப்படி வண்டி ஓடிய முதல் காலை. வண்டி கொள்ளாத கூட்டம். ஓட்டுநர் தலைக்கு மேல் அந்தப் பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டியது. மழை விட்டிருந்தாலும் சாலையெல்லாம் ஈரம். அக்கா அவள் இடத்தில் ஆஸ்பத்திரிப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளைக் கல்லில் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார். வைப்பரை ஒரு தடவை ஓட விட்டார். காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சென்று போய் வந்தது.

ஒருவரும் எழவில்லை. சில்லறை அந்தப் பெட்டியை அண்ணாந்து பார்த்து, அண்ணே பெட்டி, அண்ணே பெட்டி என்றான். பின்னாலிருந்து கமிட்டி, "ஓட்டுங்கண்ணே, பாத்துக்கலாம்" என்றார். முட்டைக்காரம்மா, படியெல்லாம் வழுக்கும், கூடையோடு நான் எங்கே இறங்க என்றாள். இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரே வாரத்தில் மறந்திருந்தோம்.

அக்கா எழுந்தாள். எத்தனையோ வருஷமாக அந்த இடத்தில் இறங்காதவள் அவள். அவளுக்கு நடக்க முடியாது. பையை எடுத்துக்கொண்டு, இடித்து வழி பண்ணிக்கொண்டு வண்டிப் படியில் இறங்கினாள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தாவது நாலு பேர் எழுவார்கள் என்றுதான் நினைத்திருப்பாள். அவள் பின்னால் நான் மட்டும் இறங்கினேன். பெட்டி சிவப்பாகி விட்டுவிட்டுக் கூவத் தொடங்கியது. சில்லறை விசில் கொடுத்தான். வண்டி நகர்ந்தது.

நான்கு படிக்கு ஒரு தடவை அக்கா நின்றாள். மூச்சு வாங்கியது. பையை நான் வாங்கிக்கொண்டேன்; என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்தாள். பாதிப் படியில் சாலை எங்களுக்கு மிக அருகே வளைந்து போகும். வண்டி அந்த வளைவில் வந்தது. ஜன்னல் முழுக்க முகங்கள். முட்டைக்காரம்மா கை காட்டினாள். வண்டி கடந்து போனபின் காற்றில் ஏதோ தீய்ந்த வாடை அடித்தது.

"தம்பி, மிதிக்கிறாரு. கேக்குதா?" என்றாள் அக்கா.

எனக்கு என்ஜின் ஓசை மட்டும்தான் கேட்டது. அப்புறம் அதுவும் மாறியது. கதறல் நின்று, சக்கர ஓசை மட்டும் வரவர வேகமாகப் போயிற்று. ஹார்ன் அடிக்கத் தொடங்கியது. விடாமல் அடித்தது. அக்கா படியில் நின்றுவிட்டாள். அவள் முன்கை என் கையோடு ஒட்டியிருந்தது. உள்ளே ஓடும் அந்த அதிர்வு எனக்கும் தெரிந்தது. ஹார்ன் நின்றது. அதன்பின் எந்த ஓசையும் இல்லை.

மீதிப் படிகளில் அவள் எங்குமே நிற்கவில்லை.

நிறுத்தத்தில் வண்டி இல்லை. சைக்கிள் கடையின் தண்ணீர்த் தொட்டி உடைந்து சாலையெல்லாம் தண்ணீர். கடையைத் தாண்டி, நேராகப் போன இடத்தில், ஏரியின் கைப்பிடிச் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு வண்டி நின்றிருந்தது. சுவரில் ஒரு கல் இல்லை. அது இருந்த இடத்துக்குக் கீழே தண்ணீர் இன்னும் கலங்கலாகவே இருந்தது.

கிட்டே போனபோது உள்ளே பேச்சுக் குரல்கள் கேட்டன. எல்லாரும் இருந்தார்கள். சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள், உதடு மட்டும். முட்டைக்காரம்மா மடியில் வழிந்த மஞ்சள் கருவைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சில்லறை எங்களைப் பார்த்து, சீக்கிரம் ஏறுங்கள் நேரமாச்சு என்றான். குரல் அவனுடையதாக இல்லை.

அக்கா ஏறவில்லை. ஓட்டுநர் ஜன்னலுக்குப் போனாள். அண்ணன் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி முன்னால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்க. இறங்குங்க" என்றாள்.

"உனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

"இறங்குங்க."

அவர் இறங்கினார். சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா சுற்றிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து உள்ளே பார்த்துச் சொன்னாள். "எல்லாரும் இறங்குங்க. இந்த வண்டி இனிமே ஓடாது."

யாரும் அசையவில்லை. கமிட்டி முன்னால் வந்தார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"அண்ணி, உங்களுக்காகத்தானே எல்லாரும் ஏறினோம்."

"தெரியும்ப்பா. அதனாலதான் நானே சொல்றேன். இறங்குங்க."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். வெள்ளைக் கல்லில் இறங்குவது போலவே வாய் பேசாமல் இறங்கினார்கள். அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கமிட்டி கல் தேடிக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். அக்கா சில்லறையிடம் டிப்போவுக்குப் போன் போடச் சொன்னாள். பிரேக் இல்லை என்று சொல்லச் சொன்னாள். அன்றைக்குப் போட்ட ஐந்து மார்க் பொய், பொய் சொன்னது டிரைவர் பெண்டாட்டி என்று பேரைப் போட்டே சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, வண்டியை இழுக்க ஆள் வருமாம் என்றான். வேறு வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

சைக்கிள் கடைக்காரர் டயர், பம்பு, ஸ்பானர் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாலையின் மறுபக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. கடைசியாகப் பெஞ்சைக் கொண்டுபோய்ப் போட்டு, துடைத்து, அக்காவை உட்காரச் சொன்னார். லாரி ஏதாவது வந்தால் கை காட்டுகிறேன் என்றார். நகரத்துச் சாலை ஏரியைச் சுற்றிக்கொண்டு காலியாகக் கிடந்தது.

அண்ணன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டிச் சாவி இன்னும் கையிலேயே இருந்தது.

"இன்னைக்கு எப்படியாவது போயிரலாம். நாளன்னைக்கு?" என்றார்.

அக்கா இடது கையை மடியில் வைத்து, வலது உள்ளங்கையால் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டாள்.